வெள்ளிக்கிழமை என்று எழுதப்பட்ட ஞாயிறு

நசுங்கியது நிஜம்.
ஹென்னூர் சிக்னலில் தண்ணீர் லாரி பின்னால் வந்து
ஈக்கோவின் இடது கதவு உள்ளே போனது நிஜம்.
பள்ளிப் பிள்ளைகள் யாரும் வண்டியில் இல்லை,
ஞாயிற்றுக்கிழமை.
தேதி மட்டும்தான் பொய்.

பாலிசி முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.
மறந்துபோனேன் என்று சொல்வதா,
சுகுணாவுக்கு வேர்வரை பல் பிடுங்கிய மாதம் என்று சொல்வதா.
"வர்ற வெள்ளிக்கெழம இடிச்சதா எழுதிக்கலாம்ணா"
என்றான் ஒர்க் ஷாப் தேவேந்திரன்,
உதட்டில் ஒரு ஸ்க்ரூவைக் கவ்வியபடி.
அதற்குமுன் பாலிசியைப் புதுப்பிக்கணும்.
புதுப்பிக்க நசுங்காத வண்டியின் படம் வேணும்.
இருந்தது ஒன்று, ஆயுத பூஜைக்கு எடுத்தது.
இரண்டு பக்க வாழைக்கன்றுகளையும் ஏஜென்ட் வெட்டிவிட்டார்.
கண்ணாடியில் வைத்த சந்தனம்
தங்கிவிட்டது.

சர்வேயர் குல்கர்னி கோபப்படவே இல்லை.
போன் திரையில் விரலை விரித்து விரித்து
அந்தச் சந்தனத்தைப் பூசணிக்காய் அளவுக்குக் கொண்டுவந்தார்.
ஜூலையில் என்ன பூஜை என்று கேட்டார்.
இருபத்தாறு வருஷமாகப் பேசுகிற கன்னடம்
அந்த நிமிஷம் எனக்கு வரவில்லை.

பதினோராயிரத்து நானூறு ரூபாய்.
அவர்கள் தரவில்லை, நானும் கேட்கவில்லை.
தீர்ந்தது என்று நினைத்தேன்.

எங்கேயோ ஒரு பட்டியல் இருக்கிறது.
யார் வைத்திருக்கிறார்கள், எந்த ஊரில்,
எத்தனையாவது வரியில் கஜேந்திரன், தகப்பன் பெயர் ஏழுமலை,
கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.
நான் அதில் இருப்பது மட்டும்
கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மறுவருஷம் ஃபுல் இன்சூரன்ஸ் கேட்டு போன் போட்டேன்.
ஒரு நிமிஷம் சார், என்றாள் அந்தப் பெண்.
வீணை வாசித்தது.
திரும்பி வந்தவளின் குரலில்
சார் இல்லை.
நாலு கம்பெனி, நாலு வீணை.
தேர்ட் பார்ட்டி மட்டும் தருவோம் என்றார்கள்,
சட்டம் அப்படி.
நான் யார்மேல் இடித்தாலும் அவருக்குப் பணம் உண்டு.
என் வண்டிக்கு என்ன ஆனாலும் எனக்கில்லை.

அந்தக் காகிதத்தைப் பார்த்துப் பள்ளிக்கூடம்
ஒன்பது பிள்ளைகளையும் வேறு வேனில் ஏற்றியது.
யூகேஜி மோனிஷா மட்டும் ஜன்னலில் கை ஆட்டினாள்,
அவளுக்கு இன்னும் தகவல் போகவில்லை.
இப்போது விடியுமுன் மார்க்கெட்டிலிருந்து
சாமந்தி மூட்டை ஏற்றுகிறேன்.
பூ எந்தக் காகிதமும் கேட்பதில்லை.

சுகுணாவின் அக்காவுக்கு வந்தது இவளுக்கும் வந்துவிட்டால்
என்று ஒரு மருத்துவ பாலிசி ஃபாரம் வாங்கி வந்தேன்.
பதினேழாவது கேள்வி:
இதற்கு முன் எந்த நிறுவனமாவது உங்களை மறுத்ததுண்டா?
ஆம். இல்லை. இரண்டு கட்டம்,
ஒரு எறும்பு தாண்டும் தூரம்.
ஆம் என்றால் அவளுக்கும் கதவு சாத்திவிடும்.
இல்லை என்றால் இரண்டாவது பொய்.
முதலாவதற்குத் துணைக்கு தேவேந்திரன் இருந்தான்,
இதற்கு நான் ஒருத்தன்தான்.
பேனா நின்ற இடத்தில் மை ஊறியது.
சுகுணாதான் பிடுங்கி
ஆம் கட்டத்தில் டிக் போட்டாள்.
"வந்தா வாணி விலாஸ் ஆஸ்பத்திரி இருக்கு,
வரிசையில நிக்கத் தெரியாதா எனக்கு?"

நேற்று ராத்திரி மழை.
ரெண்டு மணிக்கு லிங்கராஜபுரம் மொத்தமும் அதிர
தூங்குமூஞ்சி மரம் ஈக்கோவின்மேல் படுத்தது.
லுங்கியோடு ஓடிப்போய்ப் படம் எடுத்தேன்.
முன்னாலிருந்து, பின்னாலிருந்து,
நம்பர் தெரிய, மரத்தின் வேர் தெரிய.
கண்ணாடி இருந்த இடத்தில் இலை.
அப்புறம் அங்கேயே குந்தி உட்கார்ந்திருந்தேன்
அஞ்சரைக்கு பேப்பர் பையன் வரும்வரை.
ஒன்று வாங்கி, தேதி வெளியே தெரிய மடித்து,
நசுங்கிய கூரைமேல் பிடித்து
மறுபடி எடுத்தேன்.

யாருக்குண்ணா அனுப்பப் போறே, என்றான்.

இன்னைக்கு செவ்வாய்க்கெழம, என்றேன்.